வன்னி நேரமும் கணினியின் நேரமும்

சென்ற ஆவணியில் ஒருநாள் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு சாதகக் குறிப்புகள் அருகருகே கிடந்தன. இரண்டுமே என் அக்காவின் மகளுடையவை. ஒன்று, 1998 இல் புதுக்குடியிருப்பில் பிள்ளை பிறந்து முப்பத்தொன்று கழிந்த கையோடு அவ்வூர்ச் சாத்திரியார் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தது. மற்றது, மாப்பிள்ளை வீட்டார் இங்கே ஒஸ்லோவில் கைத்தொலைபேசிச் செயலியில் விபரங்களைப் போட்டு எடுத்தது. பிறந்த திகதி ஒன்றுதான். பிறந்த நேரமும் ஒன்றுதான்: காலை 6 மணி 10 நிமிடம். ஆனால் சாத்திரியாரின் தாளில் கடக இலக்கினம், சனிக்கிழமை. செயலியில் மிதுன இலக்கினம், சூரிய உதயத்துக்கு முந்திய பிறப்பு என்பதால் வெள்ளிக்கிழமை.

மாப்பிள்ளையின் தாயார் நல்ல மனுசி. "அண்ணை, பிழை பிடிக்கிறதுக்காகக் கேக்கேல்லை. எது சரியெண்டு தெரிஞ்சால் மனசுக்கு நிம்மதி" என்றார்.

எனக்குச் சாதகத்தில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் ஒரே கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டு பேரேடுகள் இரண்டு தொகை காட்டினால் காரணம் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்பது யாழ்ப்பாணத்தில் வணிகமாணி படித்த காலத்திலேயே ஊறிப்போன பழக்கம். முப்பது வருடமாகக் கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கு அது இலகுவில் போகாது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளையை என்ர கையிலை தரேக்கை யன்னலுக்குள்ளாலை வெய்யில் விழுந்தது தம்பி. அது நல்லா ஞாபகம்" என்றா. வெயில் விழுந்தது என்றால் சூரியன் உதித்துவிட்டது. அப்படியானால் செயலியின் கணக்கு எங்கோ அரை மணித்தியாலம் பிந்தியோ முந்தியோ நிற்கிறது.

அரை மணித்தியாலம் என்றதும் உங்களில் பலருக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். 1996 மே 25 ஆம் திகதி, மின்வெட்டைச் சமாளிப்பதற்காக இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்ரோபர் 26 ஆம் திகதி அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. அதன்பின் பத்து வருடங்களுக்குக் கொழும்பின் நேரம் கிறீன்விச்சிலிருந்து 6 மணித்தியாலம். 2006 ஏப்ரல் 15 ஆம் திகதிதான் பழைய 5 மணி 30 நிமிடத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்றுக்கொள்ளப்படவே இல்லை. வன்னியில் கடிகாரம் பழையபடியே ஓடியது. போர்நிறுத்த காலத்தில் ஓமந்தையால் போய்வந்தவர்களுக்கு மணிக்கூட்டைத் திருப்பியது நினைவிருக்கும்.

ஆகவே சாத்திரியார் வன்னி நேரத்தில் கணித்தார். செயலி அதே 6.10 ஐக் கொழும்பு நேரம் என்று எடுத்துக்கொண்டது. விடை கிடைத்துவிட்டது. ஆனால் என்னை உறுத்தியது வேறொன்று. எங்கோ ஒரு நாட்டில் எழுதப்பட்ட செயலிக்கு 1998 இல் கொழும்பு 6 மணித்தியாலம் முன்னே நின்றது எப்படித் தெரிந்தது? அதைத் தெரிந்துவைத்திருந்தவர்களுக்கு வன்னியைத் தெரியாமல் போனது ஏன்? கணினித் துறையில் இருக்கும் என் மகனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டதிலும், பிறகு நானாகவே வாசித்ததிலும் விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

கணினியில் செயலிகள் வேறு, அவற்றின் அடியில் ஓடும் இயங்குதளம் வேறு. செயலி தானாக நேரத்தை அறியாது. கோப்பைத் திறக்கவும் தெரியாது. எல்லாவற்றையும் இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பெறும். எந்தச் சொல்லால் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை எழுதிவைத்த ஒப்பந்தத்தின் பெயர் பொசிக்ஸ். 1980களில் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பத்துக்கு மாற்றி விற்றது. ஒன்றுக்கு எழுதிய மென்பொருள் இன்னொன்றில் ஓடாது. அந்தத் தொல்லைக்கு மருந்தாக 1988 இல் அமெரிக்காவின் மின், மின்னணுப் பொறியியலாளர் நிறுவனமான ஐ.ஈ.ஈ.ஈ. முதல் பொசிக்ஸ் தரத்தை வெளியிட்டது. பெயரை முன்மொழிந்தவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்ரோல்மன். இன்று அப்பிளின் மக் கணினிகள் இந்த வழியில் முறைப்படி சான்று பெற்றவை. லினக்ஸும் அன்ட்ரொயிட்டும் சான்று வாங்காவிட்டாலும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன. உங்கள் சட்டைப்பையில் இருப்பதும் இதற்குப் பெரிய புறம்பு அல்ல.

எழுதி வெளியிட்டதோடு ஒரு தரத்தின் வேலை முடிவதில்லை. நோர்வேயின் கணக்குப் பதிவுச் சட்டத்தோடு பழகியவன் என்ற முறையில் இது எனக்குப் புதினம் இல்லை. சட்டம் சில பக்கம்தான், அதன் ஒரு வரிக்கு என்ன பொருள் என்று கேட்டு வரும் கேள்விகள்தான் அலுமாரியை நிரப்பும். பொசிக்ஸுக்கும் அப்படித்தான். இந்த வேலையைச் செய்வது ஒஸ்ரின் குழு. 1998 செப்டெம்பரில், என் மருமகள் பிறந்து இரண்டு மாதத்தில், டெக்சாசின் ஒஸ்ரின் நகரில் முதலில் கூடியதால் அந்தப் பெயர். அதுவரை ஐ.ஈ.ஈ.ஈ. ஒரு நூலும், யுனிக்ஸ் பெயரின் உரிமையை வைத்திருக்கும் ஓப்பின் குறூப் இன்னொரு நூலும், ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர நிறுவனம் தன் பதிப்பும் என்று தனித்தனியே வைத்திருந்தன. மூன்று அமைப்புகளும் ஒரே குழுவில் அமர்ந்து, 2001 இல் ஒரே நூலாக்கின. இப்போது அது நாலாயிரம் பக்கம் அளவில் நிற்கிறது.

குழுவில் சேரக் கட்டணம் கிடையாது. பல்கலைக்கழக மாணவரும் வரலாம், பெரிய கம்பனியின் பொறியியலாளரும் வரலாம். ஒரு வரி தெளிவில்லை என்று நினைப்பவர் முறைப்பாடு ஒன்றைப் பதிகிறார். அதில் எனக்குப் பிடித்த ஒழுங்கு ஒன்று உண்டு. "உங்கள் நூல் குழப்பமாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போக முடியாது. எத்தனையாம் பக்கம், எத்தனையாம் வரி, இப்போது என்ன எழுதியிருக்கிறது, அதற்குப் பதிலாக என்ன எழுதவேண்டும் என்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் நிரப்பவேண்டும். எங்கள் சங்கக் கூட்டங்களில் இந்த விதியைக் கொண்டுவந்தால் பாதி நேரம் மிச்சமாகும்.

பதிந்த முறைப்பாடுகளைக் குழுவினர் கிழமைதோறும் தொலைபேசிக் கூட்டத்தில் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். சின்னச் சொற்பிழை என்றால் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். பொருள் பற்றிய கேள்வி என்றால்தான் சுவாரசியம். அப்போது குழு ஒரு விளக்கம் எழுதவேண்டும், அந்த விளக்கம் பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக அமையும். முதலாவது, நூல் தெளிவாகவே சொல்கிறது, எல்லோரும் அப்படியே நடக்கவேண்டும். இரண்டாவது, நூல் தெளிவாகச் சொல்கிறது, ஆனால் சொன்னது சரியா என்ற ஐயம் எழுந்திருக்கிறது. அடுத்த பதிப்பில் மாற்றுவதற்கு மேலே அனுப்புகிறோம், அதுவரை எழுதியதே எழுதியது. மூன்றாவது, நூல் தெளிவாக இல்லை, ஆகவே இந்த விடயத்தில் எவரையும் தரத்தை மீறியவர் என்று சொல்லமுடியாது. இந்த விளக்கத்தையும் முப்பது நாள் பார்வைக்கு விட்டு, மறுப்பு இருந்தால் கேட்ட பிறகுதான் உறுதிப்படுத்துவார்கள்.

இரண்டாவது வகை எனக்கு நிறைய யோசிக்கத் தந்தது. எழுதியது பிழை என்று தாங்களே நினைத்தாலும், அதை நம்பி உலகமெங்கும் மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது என்பதால் இரவோடிரவாகப் பொருளை மாற்ற அவர்கள் துணிவதில்லை. விளக்கம் என்ற பெயரில் புதிய விதியை நுழைப்பதில்லை. விதி மாறவேண்டும் என்றால் பதிப்பு மாறவேண்டும்.

நேரத்துக்கு வருவோம். கணினிக்கு நேரம் என்பது ஒரே ஒரு எண். 1970 சனவரி 1 ஆம் திகதி நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி, தொடங்கி எத்தனை செக்கன் ஓடிவிட்டது என்ற எண். திகதியை அந்த எண்ணாக்கும் சூத்திரத்தை 1988 இன் நூல் தந்தது. அதில் நாலு வருடத்துக்கு ஒரு லீப் வருடம் என்று மட்டும்தான் இருந்தது. நூறால் வகுபடும் வருடம் லீப் வருடம் இல்லை, நானூறால் வகுபட்டால் மட்டும் லீப் வருடம் என்ற விதியை விட்டுவிட்டார்கள். 2000 ஆம் ஆண்டு நானூறால் வகுபடுவதால் தப்பியது. 2100 இல் கணக்கு ஒருநாள் பிசகியிருக்கும். யாரும் உயிரோடு இருந்து அனுபவிக்கப்போகாத பிழை. ஆனாலும் 2001 பதிப்பில் சூத்திரத்தோடு இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் திருத்தினார்கள். ஒரு நிமிடத்தின் செக்கன் எண் 61 வரை போகலாம் என்று முன்பு இருந்ததையும், அப்படி ஒன்று நடக்கவே முடியாது என்று கண்டு 60 ஆக்கினார்கள்.

இதற்கு நேர்மாறாக, தெரிந்துகொண்டே விட்டுவைத்த பிழையும் உண்டு. பூமியின் சுழற்சி ஒரே சீராக இல்லாததால் 1972 முதல் 27 தடவை உலக நேரத்தில் ஒரு செக்கன் கூட்டப்பட்டது. கடைசியாக 2016 டிசெம்பர் 31. பொசிக்ஸ் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு நாளும் சரியாக 86,400 செக்கன் என்றே வைத்துக்கொள்கிறது. ஏன்? எதிர்காலத்தில் எப்போது செக்கன் கூட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதைச் சேர்த்தால் அடுத்த வருடத்தின் ஒரு திகதிக்குரிய எண்ணை இன்று உறுதியாகச் சொல்லமுடியாது. கணக்காளர்கள் சதங்களை முழுத்தொகையாக்குவதுபோல, எல்லோரும் ஒரே மாதிரி விட்டுவிட்டால் பேரேடுகள் ஒத்துப்போகும்.

இனி நேரவலயம். இங்கேதான் என் மேசையில் கிடந்த இரண்டு குறிப்புகளும் வருகின்றன. செக்கன் எண்ணை ஒஸ்லோ நேரமாகவோ கொழும்பு நேரமாகவோ மாற்ற, இருக்கும் இடத்தின் விதியைக் கணினிக்குச் சொல்லவேண்டும். பொசிக்ஸின் பழைய முறையில் அதை ஒரு சிறு குறியீட்டால் எழுதுவார்கள்: வலயத்தின் சுருக்கப்பெயர், கிறீன்விச்சிலிருந்து எவ்வளவு தூரம், கோடை நேரம் எப்போது. அதிலும் ஒரு விசித்திரம். மேற்கே கூட்டல், கிழக்கே கழித்தல். இலங்கைக்கு 5 மணி 30 நிமிடத்தைக் கழித்தலாக எழுதவேண்டும். இது எல்லோரையும் குழப்பியது, இன்னும் குழப்புகிறது, ஆனால் மாற்றவில்லை. மாற்றினால் ஏற்கெனவே எழுதியதெல்லாம் தலைகீழாகும்.

அந்தப் பழைய முறையின் பெரிய குறை வேறு. அதில் இன்றைய விதி மட்டும்தான் நிற்கும், வரலாறு நிற்காது. இன்று இலங்கை 5 மணி 30 நிமிடம் என்று எழுதினால் 1998 க்கும் அதையே சொல்லும். கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு அது பிழை. எங்கள் வன்னிப் பிள்ளைக்கோ அந்தப் பழைய விவரமற்ற முறையே சரியான விடையைத் தந்திருக்கும்! புத்திசாலித்தனமான புதிய முறைதான் இலக்கினத்தை மாற்றியது.

அந்தப் புதிய முறை ஒஸ்ரின் குழுவுக்கு வெளியே வளர்ந்தது. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்த ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் உலக நாடுகளின் நேர மாற்றங்களை ஒரு கோப்பாகச் சேர்க்கத் தொடங்கினார். பிறகு கலிபோர்னியாவின் கணினி விஞ்ஞானி போல் எகர்ட் அதைப் பொறுப்பேற்றார். ஏசியா/கொலம்போ, யூரோப்/ஒஸ்லோ என்று கண்டமும் ஊரும் சேர்ந்த பெயர்கள் அதிலிருந்து வந்தவை. உங்கள் தொலைபேசியில் அந்தக் கோப்பு இருக்கிறது. கொழும்பின் 1996 மே, ஒக்ரோபர், 2006 ஏப்ரல் மூன்று மாற்றங்களும் அதில் இருக்கின்றன. உலகமே இந்த முறையைப் பாவித்த பின்னும் பொசிக்ஸ் நூலில் இது இல்லாமலே இருந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து நூலில் போடுவது அந்தக் குழுவின் வழக்கம் இல்லை. வெளியே பல காலம் ஓடி நிலைத்ததைத்தான் எடுத்து எழுதுவார்கள். கடைசியில் 2024 யூனில் வந்த பதிப்பில்தான் இடப்பெயரால் வலயம் சொல்லும் முறை முறைப்படி ஏறியது. அதே பதிப்பு செக்கன் எண்ணைக் குறைந்தது 64 பிற்று அளவில் வைக்கவேண்டும் என்றும் விதித்தது. இல்லாவிட்டால் பழைய 32 பிற்றுக் கணினிகளில் 2038 சனவரி 19 ஆம் திகதி அந்த எண் நிரம்பி வழிந்துவிடும்.

இந்த நேரவலயக் கோப்பைப் பற்றி வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. 2011 செப்டெம்பர் இறுதியில் ஓல்சன் மீதும் எகர்ட் மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது யார் தெரியுமா? சோதிட மென்பொருள் விற்கும் ஒரு கம்பனி. சோதிடர்களுக்காக வெளியிடப்பட்ட நேர அட்டவணை நூலிலிருந்து பழைய நேர விபரங்களை எடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. நேரம் இன்னது என்பது நடந்த செய்தி, அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பது மறுபக்கத்தின் வாதம். 2012 பெப்ரவரியில் வழக்கு மீளப்பெறப்பட்டது. இடையில் கோப்பின் பொறுப்பு, இணையத்தின் எண்களையும் பெயர்களையும் பராமரிக்கும் ஐயானா அமைப்புக்குப் போனது. ஆக, பிறந்த நேரத்தைத் துல்லியமாக அறிய ஆசைப்பட்டவர்கள் நாங்கள் மட்டும் இல்லை.

கோப்பில் எண்களோடு குறிப்புகளும் இருக்கின்றன. ஒரு கணக்குப் பதிவுக்குப் பற்றுச்சீட்டு இணைப்பதுபோல, எந்தச் செய்தியை ஆதாரமாக வைத்து இந்த வரி எழுதப்பட்டது என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இலங்கைப் பகுதியின் குறிப்புகளை மகன் திறந்து காட்டினான். 2006 ஏப்ரல் மாதத்து ரொய்ட்டர்ஸ் செய்தி அங்கே இருந்தது: புலிகள் 1996 இன் நேரமாற்றத்தை ஏற்கவே இல்லை, இந்தியாவைப்போல 5 மணி 30 நிமிடத்திலேயே கடிகாரத்தை வைத்திருந்தார்கள் என்று. அதன் கீழே எகர்ட்டின் விளக்கம். தமிழர் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் வசிப்போர் கொல்கத்தாவின் வலயத்தைப் பாவிக்கலாம், 1970 இலிருந்து அந்த வலயம் அப்பகுதிகளோடு ஒத்துப்போகிறது என்று எழுதியிருந்தார்.

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்களைத் தெரியாமல் போனது என்று நினைத்தது என் பிழை. தெரிந்திருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறார்கள். தனி வலயம் உண்டாக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் விதிப்படி 1970 க்குப் பின் வேறு எந்த வலயத்தோடும் ஒத்துப்போகாத இடத்துக்குத்தான் தனிப்பெயர். வன்னியின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தோடு ஒத்தது, அவ்வளவுதான். யாருடைய ஆட்சி, யாருடைய கொடி என்ற கேள்விக்குள் அவர்கள் போகவில்லை. சுவரில் தொங்கிய மணிக்கூடு எத்தனை காட்டியது என்பதை மட்டும் கேட்டார்கள். அரசாங்கங்களின் பத்திரங்களில் அந்தப் பத்து வருட வன்னி நேரத்துக்கு ஒரு வரி இருக்குமோ என்னவோ, கணினிக் கோப்பில் இருக்கிறது. ஆனால் குறிப்பு என்பது மனிதர் வாசிப்பதற்கு. செயலி குறிப்பை வாசிக்காது, எண்ணை மட்டும்தான் எடுக்கும்.

இதே 1970 விதி நோர்வேக்காரரையும் விடவில்லை. 2022 ஓகஸ்டில் வந்த பதிப்பில், 1970 க்குப் பின் வேறுபாடு இல்லை என்ற காரணத்தால் ஒஸ்லோவை பேர்லினோடு இணைத்துவிட்டார்கள். ஸ்ரொக்ஹோமுக்கும் கொப்பன்ஹேகனுக்கும் அதே கதி. ஒஸ்லோ என்ற பெயர் இருக்கிறது, உள்ளே ஓடுவது பேர்லினின் வரலாறு. 1959 முதல் 1965 வரை நோர்வேயில் கோடை நேரம் இருந்தது, ஜேர்மனியில் இல்லை. ஆகவே 1962 யூலையில் ஒஸ்லோவில் பிறந்தவரின் நேரத்தைக் கேட்டால் ஒரு மணித்தியாலம் பிசகலாம். பழைய விபரங்களை அழிக்கவில்லை, தனிக் கோப்பில் வைத்திருக்கிறார்கள், சில இயங்குதளங்கள் அதையும் சேர்த்தே வழங்குகின்றன. இதற்குப் பராமரிப்பாளர்களுக்குள்ளேயே பலத்த எதிர்ப்பு இருந்தது. என் வேலையிடத்து நோர்வே நண்பரிடம் இதைச் சொன்னேன், அவர் அந்த வருடங்களில் பிறந்தவர். தோளைக் குலுக்கிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். அவருக்கு யாரும் குறிப்புப் பார்த்துக் கலியாணம் பேசவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். எகர்ட்டின் விளக்கப்படி செயலியில் பிறந்த இடத்தைக் கொல்கத்தா என்று மாற்றினோம். இலக்கினம் சரிவரவில்லை! ஏனென்றால் செயலி நேரத்தோடு ஊரையும் கொல்கத்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அங்கே சூரியன் எங்களுக்கு முந்தி உதிக்கும். நேரவலயம் வேறு, இடம் வேறு என்பதை அந்தச் செயலி எழுதியவர் யோசிக்கவில்லை. பிறகு மகன் அமைப்புகளுக்குள் தேடி, இடத்தைப் புதுக்குடியிருப்பு என்றே விட்டு, நேர வித்தியாசத்தை மட்டும் கையால் 5 மணி 30 நிமிடம் என்று கொடுத்தான். கடக இலக்கினம், சனிக்கிழமை வந்தது. சாத்திரியாரின் தாளோடு ஒத்துப்போனது. மாப்பிள்ளையின் தாயார் இரண்டையும் பக்கத்தில் வைத்து இரண்டு தரம் பார்த்தார். பிறகு தேத்தண்ணி போட எழுந்தார்.

1996 ஒக்ரோபருக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் வன்னியில் பிறந்த பிள்ளைகள் பலர் இப்போது கலியாண வயதில் இங்கும் ஜேர்மனியிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். பிறந்த நேரம் எழுதிய துண்டு உங்கள் வீட்டில் இருந்தால் அதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான் சாத்திரியாரின் தாளில் பென்சிலால் எழுதியது இது: "வன்னி நேரம், கிறீன்விச் கூட்டல் 5.30." அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலோ வவுனியா நகரிலோ பிறந்தவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே கொழும்பு நேரம். எந்தப் பக்கத்து மணிக்கூடு என்று சந்தேகம் இருந்தால் தாயைக் கேளுங்கள். வெயில் விழுந்ததா இல்லையா என்று அவவுக்குத் தெரியும்.